வல்லாரையில் தொடங்குங்கள்: திசு வளர்ப்பில் மருந்துப்பொருளைக் கூட்டும் முறை

தேக்கா சந்தையில் ஒரு கட்டு வல்லாரை வாங்கித் துவையல் அரைப்பவருக்கு, அந்த இலையில் ஆசியாட்டிகோசைடு என்றொரு பொருள் இருப்பது தெரிய வேண்டியதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரித்தொழில்நுட்பம் எடுத்துப் படிக்கும் உங்களுக்கு அது தெரிய வேண்டும். அதை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் எப்படிக் கூட்டுவது என்றும் தெரிய வேண்டும். திசு வளர்ப்பை, அதாவது செடியின் சிறு துண்டைக் கிருமியற்ற குடுவையில் வளர்ப்பதை, இதுவரை கையால் செய்து பார்க்காத, ஆனால் ஆய்வகம் ஒன்றில் நுழைய வாய்ப்புள்ள தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். வீவக வீட்டில் ஆர்க்கிட் வளர்த்துப் பழகியவர்களும் முதல் பாதியைத் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

கருவியைத் தொடுமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். செடி நமக்காக மருந்து செய்வதில்லை. பூச்சி கடித்தால், பூஞ்சை தாக்கினால், வெயில் சுட்டால் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிறது. நிம்மதியாக வளரும் திசு அதைப் பெரும்பாலும் செய்யாது. வல்லாரையில் இது வேதியியல் அளவிலேயே தெரிகிறது. ஆக்சிடோஸ்குவாலின் என்ற மூலக்கூறிலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று செல் சவ்வுக்குத் தேவையான ஸ்டீரால்களுக்குப் போகிறது. அது வளர்ச்சிக்கான பாதை. இன்னொன்று ஆசியாட்டிகோசைடு போன்ற டிரைடெர்பீன்களுக்குப் போகிறது. அது தற்காப்புக்கான பாதை. மூலப்பொருள் ஒன்றே என்பதால் இந்தப் பக்கம் அதிகம் போனால் அந்தப் பக்கம் குறையும். ஆகவே முதலில் வளர விடுவது, பிறகு உசுப்பிவிடுவது என்று வேலையை இரண்டாகப் பிரிக்கிறோம். இனி வரும் படிகள் எல்லாமே இந்தப் பிரிவினையை ஒட்டியவைதான்.

எந்தப் பொருள், செடியின் எந்த உறுப்பில்?

செடியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், வேண்டிய பொருள் செடியின் எந்த உறுப்பில் உருவாகிறது என்று தேடிப் படியுங்கள். பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேரே கேலஸ் வளர்ப்புக்குப் போய்விடுகிறார்கள். கேலஸ் என்பது இலை, வேர் என்ற அடையாளம் இல்லாத செல் குவியல். இலையின் சிறப்புச் செல்களில் மட்டும் உருவாகும் பொருளை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

நித்தியகல்யாணி இதற்கு நல்ல உதாரணம். சிங்கப்பூரில் பல புளோக்குகளின் கீழே, தோட்டத் தொட்டிகளில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும் அதே செடிதான். புற்றுநோய்க்குத் தரும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் அதிலிருந்துதான் வந்தன. கேத்தரான்தின், வின்டோலின் என்ற இரண்டு பாதிகள் இணைந்தால்தான் இவை உருவாகும். செல் வளர்ப்பில் கேத்தரான்தின் கிடைத்துவிடும். வின்டோலினின் கடைசிப் படிகளுக்கு ஒளியும் இலையின் தனிப்பட்ட செல்களும் வேண்டும் என்பதால் அது கிடைப்பதில்லை. உலகெங்கும் எத்தனையோ ஆய்வகங்கள் பல ஆண்டுகள் முயன்றும், நித்தியகல்யாணி செல் வளர்ப்பிலிருந்து அந்த மருந்துகளை வணிக அளவில் எடுக்க முடியவில்லை. புதியவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

வல்லாரையிலும் ஆசியாட்டிகோசைடு பெரும்பாலும் இலையில்தான் சேர்கிறது. கேலஸில் மிகவும் குறைவு. ஆனால் வல்லாரை குடுவைக்குள்ளேயே இலையும் வேருமாக முழுச் செடியாக வளர்ந்துவிடும். எனவே கேலஸை விட்டுவிட்டு, இலையோடு கூடிய சிறு தளிர்களை, சத்துகள் கரைந்த திரவ ஊடகத்தில் வளர்த்து, அவற்றை உசுப்பிவிடுவோம். முதல் முயற்சிக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தாய்ச்செடி

சந்தையில் வாங்கிய கட்டை அப்படியே குடுவைக்குள் வைக்க நினைக்காதீர்கள். வல்லாரை ஈரமண்ணில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும் செடி. மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் தண்டுக்கு வெளியில் மட்டுமல்ல, உள்ளேயும் குடியிருக்கும். வேருள்ள ஒரு துண்டைத் தொட்டியில் நட்டுச் சில வாரங்கள் வளருங்கள். தண்ணீரை மேலே தெளிக்காமல் அடித்தட்டில் ஊற்றுங்கள். ஓடுதண்டு தொட்டி விளிம்பைத் தாண்டி, மண்ணைத் தொடாமல் காற்றில் தொங்க வேண்டும். அந்தத் தண்டின் கணுக்கள்தான் நமக்கு வேண்டியவை.

செடி வல்லாரைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மீன் தொட்டிக் கடைகளிலும் நர்சரிகளிலும் இதைப் போலவே வட்ட இலையோடு ஹைட்ரோகோடைல் என்ற செடி கிடைக்கும். அதில் பல வகைகளில் இலைக்காம்பு இலையின் நடுவில், குடைக்குக் கம்பி செருகியது போல் சேரும். வல்லாரையில் இலை சிறுநீரக வடிவில் இருக்கும். காம்பு அதன் பிளவில் சேரும். சந்தேகம் இருந்தால் பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் மூலிகைத் தோட்டத்துக்குப் போய்வாருங்கள். 2011ல் திறந்த அந்தத் தோட்டத்தில் செடிகளை உடலின் உறுப்புகள் வாரியாகப் பிரித்து நட்டிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம். ஆனால் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பூங்காக்களில் செடியைக் கிள்ளுவது சட்டப்படி குற்றம். ஊருக்குப் போய்வரும்போது நாற்றோ வேரோ கொண்டுவர நினைத்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

சுத்தம் செய்தல்

கணுவோடு 1 முதல் 2 செ.மீ. நீளத்துக்குத் தண்டை நறுக்குங்கள். இதைத்தான் பாடநூல்கள் பிரிகூறு என்கின்றன. ஓடும் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்ட நீரில் ஐந்து நிமிடம். இதற்குப் பிறகு எல்லாம், வடிகட்டிய தூய காற்று வீசும் லேமினார் பெட்டிக்குள்: 70 சதவீத எத்தனாலில் 30 விநாடி, அடுத்து பிளீச் கரைசலில் 10 நிமிடம், கடைசியில் கிருமி நீக்கிய நீரில் மூன்று அலசல்.

கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத சாதா பிளீச்சில் சுமார் 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கும். ஒரு பங்கு பிளீச்சோடு நான்கு பங்கு நீர் சேர்த்தால் ஏறக்குறைய 1 சதவீதமாகும். அதில் சோப்பு போல் வேலை செய்யும் டுவீன் 20 இரண்டொரு துளி விட்டால், இலைக்காம்பு இடுக்குகளுக்குள்ளும் திரவம் போய்ச் சேரும். பழைய செய்முறைகள் பலவற்றில் மெர்குரிக் குளோரைடு என்று போட்டிருக்கும். அது பாதரச நஞ்சு. பயன்படுத்திய பிறகு அப்புறப்படுத்துவதே பெரிய பாடு. வல்லாரைக்கு அது தேவையே இல்லை.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில குடுவைகள் கெடும். எது கெட்டது என்று பார்த்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாளில் பஞ்சு போல் எழுந்தால் பூஞ்சை. தண்டின் அடியைச் சுற்றிப் பால் கலந்தது போல் மங்கலான வளையம் தெரிந்தால் பாக்டீரியா. இது ஒரு வாரம் கழித்தும் வரும், திசுவுக்கு உள்ளிருந்து வந்தது என்று பொருள். ஜெல்லின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கோடு போட்டது போல் கிருமிக் கூட்டங்கள் வரிசையாக வளர்ந்திருந்தால், சிலந்திப்பேன் போன்ற ஒரு நுண்பூச்சி நடந்து போயிருக்கிறது. இந்த ஊர் ஈரப்பதத்தில் அது குடுவைக்குக் குடுவை தாவும். அந்த வரிசைக் குடுவைகள் அத்தனையையும் திறக்காமலேயே, அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிடுங்கள்.

ஊடகம்

முராஷிகேயும் ஸ்கூகும் 1962ல் வெளியிட்ட எம்.எஸ். ஊடகம்தான் இன்றும் அடிப்படை. விட்டமின் சேர்த்த எம்.எஸ். தூள் லிட்டருக்கு சுமார் 4.4 கிராம், சர்க்கரை 30 கிராம், பி.எச். 5.8, அப்புறம் ஜெல்லாக உறைய வைக்க அகர் 7 முதல் 8 கிராம். பி.எச். சரிசெய்த பிறகே அகர் போட வேண்டும். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். வீட்டில் செய்பவர்கள் 15 பவுண்டு அழுத்தம் எட்டும் பிரஷர் குக்கரில் இதையே செய்யலாம். எச்சரிக்கை ஒன்று: மூடிய பெட்டிக்குள் எத்தனால் தெளித்துவிட்டு அதே இடத்தில் விளக்கைக் கொளுத்தாதீர்கள். எத்தனால் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

ஹார்மோன் விஷயத்தில் ஸ்கூகும் மில்லரும் 1957ல் கண்டறிந்த விதி இன்றும் நிற்கிறது. சைட்டோகைனின் ஓங்கினால் தளிர், ஆக்சின் ஓங்கினால் வேர், இரண்டும் நடுத்தரமாக இருந்தால் கேலஸ். நமக்குத் தளிர் வேண்டும் என்பதால் பி.ஏ.பி. என்ற சைட்டோகைனினை லிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை சேர்த்துப் பாருங்கள். 25 டிகிரி வெப்பம், நாளுக்கு 16 மணி நேர ஒளி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் புது ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

இங்கே சிங்கப்பூருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. சில கட்டடங்களில் இரவில் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள். அறை சூடாகும்போது குடுவைக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். காலையில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும், அதோடு கிருமியும் நுழையும். மூடியின் உட்புறம் காலையில் நீர்த்துளி கோத்திருந்தால் இதுதான் காரணமா என்று பாருங்கள். வளர்ப்பறைக்கு இருபத்துநான்கு மணி நேரமும் குளிர்சாதனம் ஓடுமா என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வளர்ச்சிக் கட்டம்

தளிர்கள் போதுமான அளவு பெருகியதும் அகர் இல்லாத திரவ ஊடகத்துக்கு மாற்றுங்கள். 250 மில்லிலிட்டர் குடுவையில் 50 மில்லிலிட்டர் ஊடகம், நிமிடத்துக்கு 100 சுற்று ஓடும் குலுக்கி. ஒவ்வொரு குடுவையிலும் ஒரே எடையில் தளிர் வைக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பின்னால் வரும் எண்கள் எதையும் நம்ப முடியாது.

திரவத்தில் மூழ்கிய தளிர்கள் சில சமயம் கண்ணாடி போல் பளபளத்து, தொட்டால் முறிகிற மாதிரி ஆகிவிடும். நீர்கோத்த திசு அது. திரவத்தின் அளவைக் குறையுங்கள். வசதி இருந்தால், ஊடகம் சில நிமிடம் ஏறித் தளிரை நனைத்துவிட்டு வடிந்துவிடும் இடைவிட்டு நனைக்கும் கலன்களைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து ஒரு வளர்ச்சி வரைபடம் வரையுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை மூன்று குடுவைகளை எடுத்து, தளிரை உலர்த்தி எடை பாருங்கள். வளர்ச்சி முதலில் மெதுவாகப் போகும், பிறகு வேகமாக ஏறும், கடைசியில் தட்டையாகும். அந்த ஏற்றம் முடிந்து தட்டையாகத் தொடங்கும் நாள்தான் உசுப்பிவிட ஏற்ற நாள். அதற்கு முன்பே உசுப்பினால் வளர்ச்சி நின்றுவிடும். அறுவடை செய்யத் திசுவே இருக்காது.

உசுப்பிவிடுதல்

செடிக்குத் தாக்குதல் நடந்தது போன்ற செய்தியைக் கொடுக்கும் பொருட்களைத் தூண்டிகள் என்கிறோம். ஈஸ்ட் சாறு, நண்டு இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசன், சாலிசிலிக் அமிலம், வெள்ளி நைட்ரேட் எனப் பல உண்டு. வல்லாரைக்கு மெத்தில் ஜாஸ்மோனேட்டில் தொடங்குங்கள். மல்லிகை இனப் பூவின் எண்ணெயிலிருந்து 1962ல் பிரித்தெடுத்த மணப்பொருள் இது. காயம்பட்ட செடி தன் திசுக்களுக்குள் ஆபத்தைச் சொல்லப் பயன்படுத்தும் சேதியும் இதே குடும்பம்தான். வல்லாரையில் இது நான் முதலில் சொன்ன ஸ்டீரால் பாதையைச் சுருக்கி, டிரைடெர்பீன் பாதையை விரிக்கிறது.

அளவைக் கணக்கிடுவோம். இதன் மூலக்கூறு எடை 224.3. 22.4 மில்லிகிராம் எடுத்து எத்தனாலில் கரைத்து 1 மில்லிலிட்டர் ஆக்கினால் 100 மில்லிமோலார் கரைசல். அதில் 50 மைக்ரோலிட்டரை 50 மில்லிலிட்டர் வளர்ப்பில் விட்டால் 100 மைக்ரோமோலார். தொடங்க இது நல்ல அளவு. 50, 200 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கரைசலை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. எத்தனாலைத் தாங்கும் 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாகச் செலுத்துங்கள்.

தூண்டி போடாத ஒப்பீட்டுக் குடுவைகளிலும் 50 மைக்ரோலிட்டர் வெறும் எத்தனால் விட வேண்டும். அது எல்லாருக்கும் நினைவிருக்கும். பலர் மறப்பது வேறொன்று: மெத்தில் ஜாஸ்மோனேட் ஆவியாகும் பொருள். 1990ல் ஃபார்மரும் ரயனும் காட்டியது இதுதான். மூடிய கூண்டுக்குள் ஒருவகை மாசிப்பத்திரிச் செடிக்குப் பக்கத்தில் வைத்த தக்காளிச் செடிகள், காயம் எதுவும் படாமலேயே, காற்றில் வந்த மெத்தில் ஜாஸ்மோனேட்டால் தற்காப்புப் புரதம் செய்யத் தொடங்கிவிட்டன. உங்கள் குலுக்கியிலும் அதுவே நடக்கும். பருத்தி அடைப்பு வழியாக ஆவி கசிந்து பக்கத்துக் குடுவையும் உசுப்பப்பட்டுவிடும். பிறகு இரண்டுக்கும் வேறுபாடே இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஒப்பீட்டுக் குடுவைகளை வேறு குலுக்கியில், முடிந்தால் வேறு அறையில் வையுங்கள்.

உசுப்பிய பிறகு 3, 7, 14, 21ஆம் நாட்களில் மூன்று மூன்று குடுவையாக அறுவடை செய்யுங்கள். இலைகள் மஞ்சளாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஜாஸ்மோனேட் இலையின் முதுமையையும் விரைவுபடுத்தும். பழுப்பேறி ஊடகமும் கறுத்துவிட்டால் அளவு அதிகம் என்று பொருள்.

அளந்து பார்த்தல்

உலர்த்திய தளிரைப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து ஒலியலைத் தொட்டியில் வைத்து, வடிகட்டி, கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்குக் கொடுங்கள். ஆசியாட்டிகோசைடு புற ஊதா ஒளியை அதிகம் உறிஞ்சாது. அதனால் 205 முதல் 210 நானோமீட்டர் என்ற மிகக் குறைந்த அலைநீளத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே மற்ற அழுக்குகளும் தெரியும். தூய ஆசியாட்டிகோசைடு வாங்கி, குறைந்தது ஐந்து அளவுகளில் தரக்கோடு (தெரிந்த அளவுக்குக் கருவி என்ன எண் காட்டுகிறது என்ற கோடு) போடாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். ஊடகத்தையும் சோதியுங்கள். சில வளர்ப்புகளில் பொருள் திசுவிலிருந்து வெளியே கசியும்.

கிடைத்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஒப்பீட்டுக் குடுவையில் லிட்டருக்கு 12 கிராம் உலர் எடை, கிராமுக்கு 2 மில்லிகிராம் பொருள். மொத்தம் லிட்டருக்கு 24 மில்லிகிராம். முதல் நாளே உசுப்பிய குடுவையில் கிராமுக்கு 5 மில்லிகிராம். இரண்டரை மடங்கு! ஆனால் உலர் எடை லிட்டருக்கு 4 கிராம்தான். மொத்தம் 20. அதாவது குறைந்திருக்கிறது. வளர்ந்த பிறகு உசுப்பியதில் 10 கிராம் எடையும் கிராமுக்கு 4 மில்லிகிராமும் இருந்தால் 40 கிடைக்கும். அறிக்கையில் மூன்றையும் எழுதுங்கள்: கிராமுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்கு லிட்டருக்கு எவ்வளவு. "இரண்டரை மடங்கு கூடியது" என்று மட்டும் எழுதியிருக்கும் கட்டுரைகளைப் படிக்கும்போது உலர் எடை எங்கே என்று தேடுங்கள்.

பெரிய அளவில் வென்றவர்கள்

இந்த இரண்டு கட்ட முறை பாடப்புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் ஷிகோனின் என்ற சிவப்புப் பொருளைச் செல் வளர்ப்பில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு தொட்டியில் வளர்ச்சிக்கான ஊடகம், இன்னொன்றில் உற்பத்திக்கான ஊடகம். அமோனியமும் ஒளியும் ஷிகோனினைத் தடுத்துவிடும் என்று கண்டுபிடித்து இரண்டாம் தொட்டியில் அவற்றை விலக்கினார்கள். நிறம் கண்ணுக்குத் தெரிந்ததால் நன்கு சிவக்கும் செல்களைப் பொறுக்கியெடுக்கவும் முடிந்தது.

பேக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து இன்னொன்று. பசிபிக் யூ மரப்பட்டையில் அது ஏறக்குறைய 0.01 சதவீதம்தான். ஒரு கிலோ மருந்துக்குப் பத்து டன் பட்டை என்றால் எத்தனை மரம் சாய வேண்டும்! 1992ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்தை, பின்னாளில் யூ மரத்தின் செல்களைப் பெருந்தொட்டிகளில் வளர்த்தே எடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு 2004ல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது. யூ செல்களை உசுப்புவதற்கும் மெத்தில் ஜாஸ்மோனேட் நன்றாக வேலை செய்யும்.

வல்லாரை கதை வேறு. அது வயலில் சில மாதத்தில் மலிவாக விளையும். தொட்டியில் வளர்த்து விற்றால் கட்டுப்படியாகாது. கற்றுக்கொள்ள அருமையான செடி, அவ்வளவுதான். தொழிலாக நினைப்பவர்கள் மெதுவாக வளர்கிற, அரிதான, விலை உயர்ந்த செடியைத் தேட வேண்டும். கொரியாவில் ஜின்செங் வேரைப் பெரிய கலன்களில் வளர்ப்பது, அது நிலத்தில் முதிர ஐந்தாறு ஆண்டுகள் எடுப்பதால்தான். நிலம் இல்லாத சிங்கப்பூருக்கு இந்த வகை உற்பத்தி பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் செடித் தேர்வு சரியாக இருந்தால் மட்டுமே.

விதிகளும் பாதுகாப்பும்

அடுத்த கட்டமாக ரோம வேர் வளர்ப்பு செய்ய ஆசை வரும். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்ற பாக்டீரியா தன் மரபணுவைச் செடிக்குள் செலுத்தி, ஹார்மோன் இல்லாமலே வேகமாக வளரும் வேர்களை உண்டாக்கும். வல்லாரையில் அந்த வேர்களும் ஜாஸ்மோனேட் கொடுத்தால்தான் ஆசியாட்டிகோசைடு செய்கின்றன. இது மரபணு மாற்ற வேலை என்பதால் உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் அனுமதி வாங்கிய பிறகே தொட வேண்டும். வீட்டில் கூடாது.

குடுவையில் எடுத்த சாற்றைக் குடிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். மெத்தனாலும் தூண்டியும் ஹார்மோனும் கலந்தது அது. மருந்து என்று சொல்லி எதையும் விற்பது சுகாதார அறிவியல் ஆணையத்தின் சட்டங்களுக்குள் வரும்.

வளர்ப்பு வரிசைகள் காலப்போக்கில் மாறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். குறிப்பாகக் கேலஸும், திரவத்தில் மிதக்கவிட்டு வளர்க்கும் செல் மிதவைகளும் பல மாதம் மாற்றி மாற்றி வளர்த்த பிறகு பொருள் செய்வதை மெல்ல மறந்துவிடும். தளிர் வளர்ப்பில் இது குறைவு, ஆனாலும் இல்லாமல் இல்லை. ஆகவே தாய்ச்செடித் தொட்டியை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். ஒவ்வொரு குடுவையிலும் எத்தனையாவது மாற்றம் என்று எழுதுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை தூண்டி போடாத ஒரு குடுவையை எச்.பி.எல்.சி.யில் பாருங்கள். அடிப்படை அளவு இறங்கியிருந்தால், அந்த வரிசையை நிறுத்திவிட்டுத் தொட்டியிலிருந்து புதுக் கணு எடுங்கள்.